இரண்டாவது மானியம்

ஆராய்ச்சி மானியம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கதைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருவர் கூகுளைச் சொல்வார். அரசுப் பணத்தில் நடந்த பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து இவ்வளவு பெரிய நிறுவனம் பிறந்ததே என்பார். உடனே இன்னொருவர், மானியம் வாங்கி, அறிக்கை எழுதி, அந்த அறிக்கையைக் காட்டியே அடுத்த மானியம் வாங்கி, ஒரு பொருளைக்கூடச் சந்தையில் விற்காமல் வருடக்கணக்கில் ஓடிய ஏதோ ஒரு நிறுவனத்தைச் சொல்வார். இரண்டும் உண்மை என்பதால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எனக்குள் மட்டும் அது நிற்பதில்லை. நான் வேலை பார்த்த ஒரு சின்ன நிறுவனம் இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வாழ்ந்தது. முதல் மானியம் எங்களை உண்டாக்கியது. அதைவிடப் பல மடங்கு பெரிய இரண்டாவது மானியம் எங்களைக் கட்டிப்போட்டது. அதே ஆட்கள், அதே தொழில்நுட்பம், பணம் கொடுத்த அலுவலகமும் அதேதான். அப்படியிருந்தும் ஏன் இப்படி ஆனது என்ற கேள்வி நிறுவனத்தை விட்டு வந்த பிறகும் என்னை விடவில்லை. வணிக வளர்ச்சிக்கு அரசு ஆராய்ச்சி நிதி உதவுமா உதவாதா என்று யாராவது ஒரே வரியில் கேட்டால், எந்த மானியம், எந்தக் கட்டத்தில், என்ன நிபந்தனையோடு என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

யாரும் பணம் தராத கேள்வி

நாங்கள் செய்ய நினைத்தது, நிலத்தடித் தண்ணீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி. குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீறிடும் இடத்தில் ஒரு இரைச்சல் எழும். அது குழாய் வழியாக இரண்டு பக்கமும் ஓடும். இரண்டு இடத்தில் உணரிகளை வைத்து, எந்தப் பக்கம் சத்தம் முதலில் வந்தது, எவ்வளவு நேரம் முந்தி வந்தது என்று கணக்குப் போட்டால் ஓட்டை இருக்கும் இடம் தெரிந்துவிடும். இரும்புக் குழாயில் இது பல காலமாக நடந்துவரும் வேலைதான். பிளாஸ்டிக் குழாயில்தான் சிக்கல். அதன் சுவர் நெகிழ்வானது என்பதால் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும். அதிலும் உயர் அதிர்வெண்கள் கொஞ்ச தூரத்திலேயே காணாமல் போய்விடும். மிஞ்சுகிற தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டையின் இடத்தைச் சொல்ல முடியுமா, முடியுமென்றால் எவ்வளவு தூரத்துக்கு ஒரு உணரி வைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி. இடைவெளி அதிகமாக இருந்தால் தொழில். குறைவாக இருந்தால் ஒரு ஊருக்குத் தேவைப்படும் உணரிகளின் செலவே எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

இந்தக் கேள்விக்கு விடை காண யாரும் பணம் தர மாட்டார்கள் என்பதை நாங்கள் வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டோம். வங்கியில் அடமானம் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது ஒரு மடிக்கணினியும் ஒரு கணக்கு முறையும். முதலீட்டாளர்கள் அன்பாகத்தான் பேசினார்கள், ஆனால் எல்லோருடைய பதிலும் ஒன்றே: வேலை செய்கிறது என்று காட்டுங்கள், அப்புறம் வாருங்கள். வேலை செய்கிறது என்று காட்டத்தான் பணமே தேவைப்பட்டது. பொருளாதார அறிஞர்கள் இதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சரியாகப் பிடித்துவிட்டார்கள். ரிச்சர்ட் நெல்சன் 1959-லும் கென்னத் ஆரோ 1962-லும் எழுதிய கட்டுரைகளின் சாரம் இதுதான்: ஆராய்ச்சியால் கிடைக்கும் அறிவை அதற்குப் பணம் போட்டவரால் முழுதாகத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள முடியாது, அது கசிந்து அடுத்தவருக்கும் போகும். அதனால் தனியார் எப்போதும் சமூகத்துக்குத் தேவையானதைவிடக் குறைவாகவே ஆராய்ச்சிக்குச் செலவழிப்பார்கள். ஆரோ இன்னொன்றையும் சொன்னார். ஒரு தகவலின் மதிப்பு என்னவென்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டுமானால் அந்தத் தகவலையே அவரிடம் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு அவர் அதற்கு ஏன் பணம் தர வேண்டும்? முதலீட்டாளர் முன்னால் உட்கார்ந்து எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று தடுமாறிய எவருக்கும் இது ஏட்டுச் சங்கதியாகத் தோன்றாது.

அந்த நிலையில்தான் முதல் மானியம் கிடைத்தது. சின்னத் தொகை. நிபந்தனையும் சின்னதுதான்: இந்தக் கேள்விக்கு விடை காணுங்கள், கண்டதை எழுதிக் கொடுங்கள். ஒலியியல் தெரிந்த ஒரு பொறியாளரைச் சேர்த்துக்கொண்டோம். பல வகைக் குழாய்களை வாங்கி மண்ணில் புதைத்து, வேண்டுமென்றே ஓட்டை போட்டு, அழுத்தத்தை ஏற்றி இறக்கி அளந்தோம். முடிவு எங்களுக்குச் சாதகமாக வரவில்லை. பிளாஸ்டிக் குழாயில் நாங்கள் எதிர்பார்த்த இடைவெளியில் பாதிகூடக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த அளவீடுகளின் நடுவிலேயே வேறொன்று தெரிந்தது. எங்கள் கணக்கு முறை, உலோகக் குழாயில், மற்றவர்கள் பயன்படுத்துவதைவிட மலிவான உணரிகளைக் கொண்டே நன்றாக வேலை செய்தது. நிறுவனத்தைத் தொடங்கியவர் அந்த வாரமே பிளாஸ்டிக் திட்டத்தை மூடினார். பிளாஸ்டிக் முடியாது, உலோகம் முடியும் என்று இறுதி அறிக்கையில் எழுதினோம். மானியம் கொடுத்த அலுவலகத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. முன்பு கதவைச் சாத்திய முதலீட்டாளர்களில் ஒருவர், புதைத்த குழாயிலிருந்து எடுத்த வரைபடங்களைப் பார்த்துவிட்டுப் பணம் போட்டார்.

கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே

எங்கள் ஒருவரின் அனுபவத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதால் நான் ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இதில் முதலில் வரும் தடை, மானியம் வாங்கிய நிறுவனம் வளர்ந்தால் அது மானியத்தால் வளர்ந்ததா, இல்லை வளரக்கூடிய நிறுவனம் என்பதால்தான் மானியமே கிடைத்ததா என்று பிரிக்க முடியாதது. மானியம் தரும் அலுவலகங்கள் வெளியிடும் வெற்றிக் கதைகள் எல்லாம் இந்த இடத்தில்தான் வலுவிழக்கின்றன. அமெரிக்காவில் எஸ்.பி.ஐ.ஆர். என்ற திட்டம் இருக்கிறது. சின்ன நிறுவனங்களுக்கு அரசு ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கும் திட்டம் அது. 1977-இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரியின் முயற்சியில் சோதனையாகத் தொடங்கி, 1982-இல் சட்டமானது. அதைப் பற்றி ஸ்காட் வால்ஸ்டன் 2000-இல் எழுதிய ஆய்வின் முடிவு கசப்பானது: மானியம் வந்ததும் நிறுவனங்கள் தங்கள் சொந்த ஆராய்ச்சிச் செலவை அதே அளவுக்குக் குறைத்துக்கொண்டன. அப்படியானால் அரசு புதிதாக எதையும் உண்டாக்கவில்லை, ஏற்கெனவே நடக்கவிருந்த வேலைக்கு வேறொரு பையிலிருந்து பணம் கொடுத்திருக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பிற்காலத்து ஆய்வாளர்கள் ஒரு நல்ல வழி கண்டார்கள். மதிப்பெண் போட்டு மானியம் தரும் இடங்களில், கோட்டுக்கு மயிரிழையில் மேலே வந்து பணம் வாங்கியவர்களையும் மயிரிழையில் கீழே நின்று இழந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இவர்களுக்குள் தரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. பின்னால் தெரியும் வித்தியாசத்தைப் பெரும்பாலும் பணத்தின் கணக்கில் எழுதலாம். இத்தாலியின் எமிலியா ரொமாஞ்ஞா மாநிலத்தில் 100-க்கு 75 மதிப்பெண் எடுத்தால் மானியம் என்று ஒரு திட்டம் இருந்தது. ப்ரொன்சினி, இயாகினி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து 2014-இல் எழுதினார்கள். மொத்தமாகப் பார்த்தால் மானியத்தால் முதலீடு கூடவில்லை. சின்ன நிறுவனங்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது மட்டும், வாங்கிய மானியத்தின் அளவுக்கு முதலீடு கூடியிருந்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் பணத்தைச் சேமித்துக்கொண்டன, சின்ன நிறுவனங்கள் முன்பு முடியாததைச் செய்தன. ஒரே திட்டத்துக்குள் இரண்டு விடைகளும் இருந்தன.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது சப்ரினா ஹவெல் 2017-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்க எரிசக்தித் துறைக்கு மானியம் கேட்டு வந்த விண்ணப்பங்களை அதிகாரிகள் தர வரிசையில் அடுக்கிய பட்டியல், 1983 முதல் 2013 வரைக்குமானது, அவருக்குக் கிடைத்தது. முதல் கட்ட மானியம் 1,50,000 டாலர். அதை வாங்கிய நிறுவனத்துக்குப் பின்னால் துணிகர முதலீடு, அதாவது புதிய நிறுவனங்களில் ஆபத்தை ஏற்றுப் போடும் பணம், கிடைக்கும் வாய்ப்பு 10 விழுக்காட்டிலிருந்து 19 விழுக்காடாக, கிட்டத்தட்ட இரண்டு மடங்காக உயர்ந்தது. வருவாயும் காப்புரிமைகளும் கூடின. கையில் பணம் இல்லாமல் திணறிய நிறுவனங்களில் இந்த விளைவு இன்னும் பலமாக இருந்தது. இரண்டாம் கட்ட மானியம் 10 லட்சம் டாலர். ஏழு மடங்குக்கு அருகில். துணிகர முதலீட்டிலோ வருவாயிலோ அதற்கு விளைவு ஏதும் தென்படவில்லை. இதைப் படித்தபோது யாரோ எங்கள் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

ஏன் என்ற கேள்விக்கும் ஹவெல் விடை தேடினார். மானியம் கிடைத்தது என்ற பெயரே ஒரு முத்திரையாகி முதலீட்டாளரைக் கூட்டி வந்ததா, அல்லது அந்தப் பணத்தில் செய்த வேலை கூட்டி வந்ததா? அவருடைய முடிவு, வேலைதான். பணத்தில் முன்மாதிரி செய்து, அது ஓடுகிறதா என்று காட்டியதால் முதலீட்டாளரின் சந்தேகம் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் சின்ன நிறுவனங்களுக்குக் கொடுத்த மானியங்களைக் கோட்டுக்கு மேலும் கீழுமாக ஒப்பிட்ட ஆய்வும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது: பலன் பணத்தில் இருக்கிறது, முத்திரையில் இல்லை. அந்தத் திட்டத்தில், நல்ல மதிப்பெண் எடுத்தும் நிதி போதாமல் விடுபட்டவர்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. சான்றிதழை வைத்துக் குழாய் வாங்க முடியாது. எங்களிடம் பணம் போட்ட அந்த முதலீட்டாளர் மானியக் கடிதத்தைக் கேட்கவே இல்லை, வரைபடங்களைத்தான் கேட்டார்.

காற்றுக் குழாய்

இரண்டாவது மானியத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னது அலுவலகமேதான். முதல் அறிக்கை அவர்களுக்குப் பிடித்திருந்தது. மூன்று ஆண்டுத் திட்டம், நிலத்தடி உலோகக் குழாய்களில் கம்பியில்லா உணரி வலைப்பின்னல், காலாண்டுக்கு ஒரு மைல்கல், ஒவ்வொரு மைல்கல்லுக்கும் ஒரு தவணை. செலவுத் தலைப்புகள் முன்கூட்டியே பிரிக்கப்பட்டிருந்தன: கருவிக்கு இவ்வளவு, சம்பளத்துக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு. அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தொகையைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தோம். அதில் தவறில்லை, அதுவரை நாங்கள் மாதச் சம்பளம் நிச்சயமாக வரும் என்று நம்பி இருந்ததே இல்லை.

திட்டம் தொடங்கிக் கொஞ்ச காலத்தில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்பு மேலாளர் எங்களைத் தேடி வந்தார். எங்கள் பொறியாளர் ஒரு கூட்டத்தில் பேசியதைக் கேட்டிருக்கிறார். கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணீர்க் குழாயெல்லாம் சரிங்க. எங்க காற்றுக் குழாய் எங்கே கசியுதுன்னு இதை வெச்சுச் சொல்ல முடியுமா?" என்றார். அழுத்தக் காற்றில் ஓடும் தொழிற்சாலைகளில் இது பெரிய தலைவலி. காற்று கசிந்தால் தண்ணீர் போலத் தரை நனையாது, யாருக்கும் தெரியாது, ஆனால் அந்தக் காற்றை அழுத்தச் செலவான மின்சாரம் போனது போனதுதான். கவனிக்காமல் விட்ட ஆலைகளில், காற்றை அழுத்தும் இயந்திரமான அமுக்கியின் உற்பத்தியில் 20 முதல் 30 விழுக்காடு வரை கசிவில் போவதுண்டு. கசியும் காற்று போடும் சீற்றத்தில் காதுக்குக் கேட்காத மீயொலியும் இருக்கும். எங்கள் உணரியை மாற்ற வேண்டும், கணக்கு முறையின் பெரும்பகுதி அப்படியே பயன்படும் என்று பொறியாளர் அங்கேயே சொன்னார். மேலாளர் அதைவிட முக்கியமான ஒன்றைச் சொன்னார்: "செஞ்சு காட்டுங்க. ஓடினா எங்க நாலு ஆலைக்கும் வாங்கிக்கிறோம்."

அன்று மாலை நிறுவனத்தைத் தொடங்கியவரும் பொறியாளரும் நானும் வெகுநேரம் உட்கார்ந்து பேசினோம். பணம் தர ஒருவர் தானாக வந்து நிற்கிறார். கையில் பணம் இருக்கிறது, ஆனால் அந்தப் பணத்தில் காற்றுக் குழாயைத் தொட முடியாது. மீயொலி உணரி வாங்கினால் எந்தத் தலைப்பில் எழுதுவது? பொறியாளரின் நேரத்தில் பாதியை அங்கே திருப்பினால் அடுத்த மைல்கல் தள்ளிப்போகும், தவணை நிற்கும், நின்றால் அவருக்கே சம்பளம் இல்லை. அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினோம். திட்டத்தின் நோக்கத்தை மாற்ற மதிப்பீட்டுக் குழு மறுபடி கூட வேண்டும், அடுத்த கூட்டம் எப்போது என்று சொல்ல முடியாது, அதுவரை ஒப்புக்கொண்ட வேலையைத் தொடரவும் என்று பதில் வந்தது. அந்த அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கையில் இருந்த விதிகளுக்குள் அவர் சரியாகத்தான் நடந்தார். பொதுப் பணத்தை ஒன்றுக்கு வாங்கி இன்னொன்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்பது நியாயமான விதி. அந்த விதிதான் எங்களுக்கு எதிராக நின்றது. மேலாளரிடம் நிறுவனத்தைத் தொடங்கியவர், "இப்போ முடியாதுங்க சார், கொஞ்ச காலம் பொறுத்துக்கணும்" என்று சொன்னார். அவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? வேறொரு நிறுவனத்திடம் போனார்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஏற்பட்ட மாற்றத்தை நான் கண்கூடாகப் பார்த்தேன். முன்பெல்லாம் காலையில் முதல் பேச்சு அளவீடு பற்றியதாக இருக்கும், இல்லையென்றால் யாராவது ஒரு வாடிக்கையாளரின் தொல்லை பற்றியதாக இருக்கும். இப்போது மைல்கல், அறிக்கை, தணிக்கை. எல்லா மைல்கல்லையும் நேரத்துக்கு முடித்தோம். ஒவ்வொரு தவணையும் வந்தது. மூன்று ஆண்டு முடிவில் நன்றாக வேலை செய்யும் ஒரு உணரி வலைப்பின்னல் கையில் இருந்தது, அதை வாங்க வரிசையில் யாரும் இல்லை. தண்ணீர் வழங்கும் அமைப்புகள் மெதுவாக முடிவெடுப்பவை. அது எங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும், மானியம் ஓடிக்கொண்டிருந்தவரை அது உறைக்கவில்லை. வருவாய் இல்லாத வலியை அந்தப் பணம் மரத்துப்போகச் செய்திருந்தது.

கேள்வியை யார் எழுதுகிறார்கள்

இதே வேறுபாட்டை ஒரு அரசு அமைப்பு தனக்குள்ளேயே சோதித்துப் பார்த்திருக்கிறது. அமெரிக்க விமானப்படை தன் எஸ்.பி.ஐ.ஆர். மானியங்களைப் பல ஆண்டுகளாகக் குறிப்பிட்ட தலைப்புகளில் கொடுத்துவந்தது: இன்ன தன்மையுள்ள இன்ன பொருள் வேண்டும், செய்து கொடுங்கள். 2018-இல் கூடவே இன்னொரு வழியைத் திறந்தார்கள்: எங்களுக்குப் பயன்படும் என்று நீங்கள் நினைக்கும் எதையாவது கொண்டுவாருங்கள். ஹவெலும் உடன் ஆய்வாளர்களும் இரண்டையும் ஒப்பிட்டார்கள். திறந்த வழியில் வென்றவர்களுக்குத் துணிகர முதலீடு கிடைக்கும் வாய்ப்பும் ராணுவத்தின் உண்மையான கொள்முதல் ஒப்பந்தங்களும் கூடின. பழைய வழியில் வென்றவர்களுக்குக் கூடியது ஒன்றுதான்: இன்னொரு எஸ்.பி.ஐ.ஆர். மானியம் கிடைக்கும் வாய்ப்பு. மானியத்திலேயே வாழும் நிறுவனங்களைச் சோம்பேறிகள் என்று திட்டுபவர்கள் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். கேள்வியை முழுக்க வேறொருவர் எழுதிக் கொடுத்து, அதற்கு மட்டும் விடை எழுதப் பல ஆண்டுகள் பணம் கொடுத்தால், கெட்டிக்காரர்கள் நிறைந்த நிறுவனமும் அந்தக் கேள்வித்தாளுக்கே பழகிவிடும்.

நன்றாக வளர்ந்த நிறுவனங்களின் தொடக்கத்தைப் பார்த்தாலும் இந்த வளைந்து போகும் சுதந்திரம் தெரிகிறது. சிமான்டெக் என்ற மென்பொருள் நிறுவனம் 1982-இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மானியத்தோடு தொடங்கியது. அதைத் தொடங்கிய கேரி ஹென்ட்ரிக்ஸின் அப்போதைய ஆர்வம் மனித மொழியைக் கணினிக்குப் புரிய வைப்பது. உலகம் அந்தப் பெயரை அறிந்ததோ வைரஸ் தடுப்பு மென்பொருளால். கூகுளின் கதையில் அடிக்கடி விடுபடும் செய்தியும் இதுதான். மானியம் கூகுளுக்குக் கொடுக்கப்படவில்லை, அப்போது அப்படி ஒரு நிறுவனமே இல்லை. எண்ம (டிஜிட்டல்) நூலகங்கள் பற்றிய ஆராய்ச்சிக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்பட்ட பணம் அது. நூலகத்தை எண்மயமாக்கும் கேள்வி, இணையப் பக்கங்களை எப்படித் தரவரிசைப்படுத்துவது என்ற கேள்விக்குப் போனது, அங்கிருந்து 1998-இல் ஒரு நிறுவனம் வந்தது. அந்தத் தரவரிசை முறையின் காப்புரிமையைப் பயன்படுத்த அனுமதித்ததற்குப் பதிலாகப் பங்குகள் பெற்ற ஸ்டான்ஃபோர்டு, 2005-இல் அவற்றை 33.6 கோடி டாலருக்கு விற்றது. காலாண்டுக்கு ஒரு நூலக மைல்கல் என்று யாராவது கறாராக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

வளர்ச்சி எங்கே போனது

இரண்டாவது மானியத்தின் இறுதி அறிக்கையில் இரண்டு கட்டங்கள் இருந்தன. கூடுதல் விற்பனை எவ்வளவு, கூடுதல் வேலைவாய்ப்பு எவ்வளவு. இரண்டிலும் நான் எழுதிய எண்கள் மிகச் சிறியவை. அந்தத் தாளை மட்டும் பார்க்கிறவர் பொதுப் பணம் வீணானது என்றுதான் சொல்வார். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன், நிறுவனத்தின் வளர்ச்சியைப் பொறுத்தவரை இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு கட்டங்களுக்கு வெளியேயும் சில காரியங்கள் நடந்தன. எங்கள் ஒலியியல் பொறியாளர் பிறகு அழுத்தக் காற்றுக் கசிவில் வேலை செய்யும் ஒரு நிறுவனத்துக்குப் போனார். புதைத்த குழாய்களில் கற்றதையெல்லாம் கூடவே கொண்டுபோனார். நாங்கள் வெளியிட்ட பிளாஸ்டிக் குழாய் அளவீடுகளை, குழாய்க்குள்ளேயே உணரியை அனுப்பும் வேறொரு முறையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு குழு எடுத்துக்கொண்டது. வெளியிலிருந்து கேட்டால் சத்தம் எட்டாது என்று நாங்கள் காட்டியதே அவர்களுக்கு உள்ளே போவதற்கான நியாயமாக இருந்தது.

இப்படிக் கசிவது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல, இதுதான் வழக்கம். எரிசக்தித் துறையின் மானியங்களை வைத்து மையர்ஸும் லனஹானும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, மானியம் வாங்கியவர் எடுக்கும் ஒவ்வொரு காப்புரிமைக்கும், அந்த அறிவால் பயனடைந்த மற்றவர்கள் இன்னும் மூன்று எடுக்கிறார்கள் என்று கணக்கிட்டது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியைப் பியர் அசூலேயும் உடன் ஆய்வாளர்களும் பின்தொடர்ந்தபோது, கூடுதலாகச் செலவிட்ட ஒவ்வொரு 1 கோடி டாலரும் தனியார் துறையில் 2 முதல் 3 காப்புரிமைகளைக் கொண்டுவந்ததைக் கண்டார்கள். அவற்றில் பாதி, எந்த நோய்க்காகப் பணம் கொடுக்கப்பட்டதோ அதைத் தவிர வேறு நோய்களுக்கானவை. ஒரு நோய்க்குக் கொடுத்த பணத்தின் பலனை அந்த நோயின் கட்டத்தில் மட்டும் தேடினால் பாதி கண்ணில் படாது. நெல்சனும் ஆரோவும் சொன்ன கசிவு, தனியாருக்கு எது நஷ்டமோ அது பொதுப் பணத்துக்கு லாபம். அதற்காகத்தானே அரசு இதில் இறங்குகிறது? அப்படியிருக்க, கசிந்து போனதை எண்ணாமல், வாங்கியவரின் விற்பனையை மட்டும் எண்ணுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் கசிவைக் காட்டி எல்லா மானியத்தையும் நியாயப்படுத்திவிட முடியாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். முதல் மானியத்திலிருந்தும் அறிவு கசிந்தது, பல மடங்கு குறைந்த செலவில். அதே தொகையை எங்களைப் போன்ற பல குழுக்களுக்கு ஆளுக்கொரு கேள்விக்கென்று பிரித்துக் கொடுத்திருந்தால் கசிவும் கூடியிருக்கும், பிழைத்து வளர்ந்த நிறுவனங்களும் கூடியிருக்கும். ஜோஷ் லெர்னர் 1999-லேயே எஸ்.பி.ஐ.ஆர். நிறுவனங்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்து, மானியம் வாங்கியவர்கள் வேகமாக வளர்ந்தார்கள், ஆனால் பல முறை வாங்கியவர்கள் ஒரு முறை வாங்கியவர்களைவிட அதிகம் வளரவில்லை என்று எழுதினார். அதிலேயே இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு: அந்த வளர்ச்சி, துணிகர முதலீடு ஏற்கெனவே புழங்கும் இடங்களில் இருந்த நிறுவனங்களுக்குத்தான் கிடைத்தது. கேள்விக்கு விடை கிடைத்த பிறகு அதை எடுத்துப்போக வேறு பணம் பக்கத்தில் இல்லாத இடங்களில் சின்ன மானியம் மட்டும் போதாது. அங்கே இரண்டாவது தொகை ஏதாவது ஒரு வடிவில் வேண்டியிருக்கும். அந்த வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் என் கவலை முழுவதும்.

இஸ்ரேல் நெடுங்காலமாகச் செய்துவரும் ஒரு முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நிறுவனத்தின் ஆராய்ச்சிச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கும். பொருள் சந்தைக்குப் போய் விற்றால் விற்பனையில் சில விழுக்காட்டை உரிமத்தொகையாகத் திருப்பிக் கட்ட வேண்டும். விற்கவில்லை என்றால் கட்ட வேண்டியதில்லை. தோல்வியின் சுமையை அரசு தாங்கிக்கொள்கிறது, ஆனால் கொடுத்தவர், வாங்கியவர் இருவர் கண்ணும் விற்பனை மேலேயே இருக்கிறது. எங்கள் இரண்டாவது மானியம் அந்த வடிவில் இருந்திருந்தால், காற்றுக் குழாயோடு வந்த மேலாளரைப் பற்றிய கடிதம் அலுவலகத்துக்கே நல்ல செய்தியாக இருந்திருக்கும். அதில் செலவின் மீதியை நிறுவனமே போட வேண்டும் என்பது, கையில் ஒன்றுமில்லாத முதல் கட்டத்துக்கு ஒத்துவராது. இரண்டாம் கட்டத்தில் அந்த நெருக்கடி நல்லது என்றே நினைக்கிறேன்.

என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு தம்பி இப்போது சொந்தமாக ஒரு நிறுவனம் நடத்துகிறான். பெரிய மானியம் ஒன்றுக்கு அழைப்பு வந்திருக்கிறது, வாங்கலாமா அக்கா என்று கேட்டான். விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன்னால் அலுவலகத்தைக் கூப்பிட்டு, நடுவில் வாடிக்கையாளர் ஒருவர் வந்து வேறொன்று கேட்டால் திட்டத்தை மாற்ற யார் கையெழுத்து வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறான். செலவுத் தலைப்புகளுக்குள் மாற்றினால் ஒரு கடிதம் போதும், நோக்கமே மாறினால் திட்ட அதிகாரி ஒரு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று அவர்கள் விதியில் எழுதியிருக்கிறார்களாம். அந்த விதியின் நகலை எனக்கு அனுப்பிவைத்தான். விண்ணப்பத்தின் செலவுப் பகுதியை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.